நான் காப்பாற்றிய பேர்

கப்பலில் பாட்டு வேலைக்குக் காத்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் கப்பலில் கீபோர்டு வாசித்தவனுக்குச் சொல்ல விஷயம் இல்லாமலா போகும்? கடல் ஆட்டத்தில் கீபோர்டோடு சேர்ந்து சறுக்கிக்கொண்டே ஒரு பாட்டை வாசித்து முடித்தது, பயணம் முடிகிறவரை ஒரே பாட்டைக் கேட்டு ஒரு சீனப் பாட்டி என் உயிரை எடுத்தது என்று சிரிக்கிற கதைகளாகத்தான் யோசித்து வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமையோடு அந்த யோசனை போய்விட்டது.

அன்று ரிங்லெட் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மண்டபத்தில் உங்களுக்கு இன்டர்வியூ ஒத்திகை நடத்தினேன். வரும் வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர்கள் வீடியோவில் என்னென்ன கேட்பார்களோ அதையெல்லாம் நானே கேட்டேன். தகரக் கூரையில் மழை கொட்டியதால் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. கடைசிக் கேள்வி இது: அலாரம் அடிக்கிறது, நீ மேலே வந்துவிட்டாய், உன்னோடு வாசிக்கிறவன் இன்னும் வரவில்லை, என்ன செய்வாய்?

மூன்று பேர் பாதுகாப்பு வகுப்பில் படித்ததை ஒப்பித்தீர்கள். நான்காவது தர்ஷினி. அவள் யோசிக்கவே இல்லை.

"நான் கீழ போயி கூட்டிட்டு வருவேன் பெரியப்பா. எங்கப்பா உங்கள தேடிக் கீழ போனாருல்ல? அவரு பொண்ணுலா நானு. விட்டுட்டு நிப்பேனா?"

மற்ற மூன்று பேரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்தபிறகு அந்தக் கையை வைத்துக்கொண்டு சோறு சாப்பிட முடியவில்லை. தர்ஷினி சொன்ன பதில் தப்பு. அப்படிச் செய்தால் அவள் செத்துப்போவாள், தேட வருகிறவர்களையும் சேர்த்துக் கொல்லுவாள். அந்தப் பதில் எந்தக் கதையிலிருந்து வந்ததோ அந்தக் கதையும் பொய். அவள் அப்பா குணசேகரன் என்னைத் தேடிக் கீழே போகவில்லை. அப்படி ஒரு கதை பிறக்கக் காரணமான பொய்யைச் சொன்னவன் நான்.

இனி வரிசையாகச் சொல்கிறேன். பூசி மெழுகிப் பழகிய கை, எங்கேயாவது பழைய புத்தி எட்டிப் பார்த்தால் நீங்களே அடித்துவிட்டுப் படியுங்கள்.

குணாவும் நானும் ரிங்லெட்டுக்கு மேலே ஒரே தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கிற ஒரே லயத்தில் பிறந்தவர்கள். எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவன் பாடுவான், நான் வாசிப்பேன். கோயில் திருவிழா, தாப்பா வரைக்கும் கல்யாண வீடுகள், லெம்பா பெர்த்தாம் சீனத் தோட்டக்காரர்களின் விருந்துகள் என்று ஒன்றையும் விட்டதில்லை. சீனப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவான். அர்த்தம் ஒரு சொல்லுக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தோட்டக்காரர்கள் குடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமைதோறும் வாசித்தபோது, குடும்பத்தோடு தங்க வந்த ஒரு கப்பல் கம்பெனி ஏஜென்ட் எங்களைப் பார்த்துவிட்டுக் கோலாலம்பூருக்கு வரச்சொன்னார். போனோம். மூன்று கேள்விதான். பேப்பரைப் பார்க்காமல் எத்தனை பாட்டு வரும், எத்தனை மொழியில் வரும், நோட்டேஷன் படிக்கத் தெரியுமா. மூன்றாவதற்குக் குணா வாயைத் திறக்கும் முன்னே நான் வாய் கூசாமல் தெரியும் என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். நான்காவது வரியில் மாட்டிக்கொண்டேன். காது வரைக்கும் சூடாகிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. குணாவைப் பார்த்து இன்னொரு பாட்டு பாடச் சொன்னார். பாடி முடித்ததும் இரண்டு பேருக்கும் வேலை என்றார். ஒரு நிபந்தனை வைத்தார். ஜோடியாகத்தான் எடுக்கிறேன், ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பினால் இன்னொருத்தனும் அதே நாள் இறங்க வேண்டும். சந்தோஷமாகத் தலையாட்டினோம். அன்று பஸ்ஸில் மலை ஏறி வரும்போது எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்திருந்தது. இந்த வேலை அவன் தொண்டைக்குக் கிடைத்தது, என் விரலுக்குக் கிடைத்ததல்ல. அவன் இறங்கினால் நான் இல்லை.

வேலை தேடுகிற விஷயத்தில் நான் உங்களுக்கு ஏற்கெனவே சொன்னதெல்லாம் சரிதான். வீடியோவை வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுங்கள், முகமும் கையும் தெரியட்டும், தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். ஆனால் அந்தத் தாளில் மாட்டிய கதையைச் சொல்லி நான் உங்களைச் சிரிக்க வைத்தபோதெல்லாம், அதற்குப் பின்னால் வந்ததை மறைத்துத்தான் சிரித்தேன்.

பின்னால் வந்ததைச் சொல்ல, பெரட்டைச் சொல்ல வேண்டும். உங்கள் வயதில் பலருக்கு அந்தச் சொல்லே தெரியாது. இப்போது மலையில் கொழுந்தெடுக்கிறவர்கள் வேறு நாட்டுக்காரர்கள், அவர்கள் அதை வேறு பேரில் கூப்பிடுகிறார்கள். எங்கள் காலத்தில் விடிவதற்கு முன் எல்லாரும் ஆபீஸ் முன்னால் கூடி நிற்க, கங்காணி பேர் பேராகக் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு. பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் என்றால் என் அம்மா அவள் பேருக்கும் சேர்த்து "இருக்கேங்க" என்பாள். குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வாள். கங்காணிக்குத் தெரியாமல் இல்லை. பனியில் முகம் தெரியவில்லை என்கிற பாவனையில் அவர் அடுத்த பேருக்குப் போய்விடுவார். அந்தக் காய்ச்சல்காரி கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலை நிரையை மற்றவர்கள் பங்கு போட்டு எடுத்து முடிப்பார்கள். எங்கள் லயத்தில் இதைப் "பேர் காப்பாற்றுவது" என்பார்கள். "இன்னைக்கு உன் பேர நான் காப்பாத்திட்டேன், போயி படு" என்பார்கள். குணாவின் அம்மா பேரை என் அம்மா எத்தனையோ தடவை காப்பாற்றியிருக்கிறாள். இதில் தப்பு இருப்பதாக யாரும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை.

கப்பலில் இதே பெரட்டுக்கு மஸ்டர் என்று பேர். அலாரம் அடித்தால் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அவரவருக்குச் சொன்ன இடத்தில் போய் நிற்க வேண்டும், ஒருவர் பட்டியலை வைத்துப் பேர் கூப்பிடுவார். பழக்கத்துக்காக அடிக்கடி ஒத்திகை வைப்பார்கள். அதுவும் துறைமுகத்தில் நிற்கிற நாளாகப் பார்த்துக் காலையில் வைப்பார்கள். எல்லாரும் உறங்கியபிறகு படுக்கப்போகிற பாட்டுக்காரனுக்குக் காலை என்பது என்ன என்று உங்களுக்குச் சீக்கிரம் தெரியும். குணா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுப்பான். கேபின் சுவரில் அறிவிப்பு வருகிற ஸ்பீக்கர் மேல் ஒரு பழைய பனியனை மடித்து வைத்து டேப் ஒட்டியிருந்தான். நான் இரண்டு தடவை பிடுங்கினேன், அவன் இரண்டு தடவை ஒட்டினான்.

இரண்டு ஒத்திகைக்கு வராமல் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கினான். மூன்றாவது கிடைத்தால் வீடு. அப்போது தர்ஷினிக்கு இரண்டு வயது, கைப்பிள்ளை. அவன் இறங்கினால் நானும் இறங்க வேண்டும். மூன்றாவது ஒத்திகையில் அவன் பேரைக் கூப்பிட்டபோது நான் பின்வரிசையில் நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தி "ஹியர்" என்றேன். பிறகு என் பேருக்கு என் குரலில் சொன்னேன்.

பேர் கூப்பிட்டவள் ஒரு ஃபிலிப்பினோ பெண், கேபின் சுத்தம் செய்கிறவர்களுக்கு சூப்பர்வைசர். முகத்தைப் பார்த்துத்தான் குறி போட வேண்டும் என்பது விதி. காற்று தாளைப் பிடுங்குகிறது, நாற்பது பேர், லைஃப் ஜாக்கெட்டுக்குள் எல்லார் முகமும் ஒன்றுபோல இருக்கிறது. அவள் குரலைக் கேட்டுக் குறி போட்டாள். கேபினுக்குப் போய்க் குணாவை எழுப்பிச் சொன்னேன்.

"பேர காப்பாத்திட்டேன்டா, எந்திரி."

அவன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "உங்கம்மா புத்தி அப்புடியே இருக்குடா ஒனக்கு. நல்லா இரு."

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அப்படியே ஓடியது.

அந்த நாள் கடலில் போய்க்கொண்டிருந்த நாள். காலை பத்து மணி இருக்கும். நான் மேல்தளத்து லவுஞ்சில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நோட்டேஷன் பழகிக்கொண்டிருந்தேன். அலாரம் அடித்தது. ஏழு குட்டைச் சத்தம், ஒரு நீளச் சத்தம், எல்லாரும் மஸ்டருக்கு வர வேண்டும் என்று அர்த்தம். கடல் நாளில் முன்னறிவிப்பு இல்லாமல் ஒத்திகை வைக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஏதோ வயர் கோளாறு என்றே நினைத்துக்கொண்டு நடந்தேன். குணா கேபினில் தூங்கிக்கொண்டிருப்பான் என்பதும் தெரியும். இந்தச் சத்தத்துக்குப் பிணமும் எழுந்துவிடும், வந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதே ஃபிலிப்பினோ பெண் பேர் கூப்பிட ஆரம்பித்தாள். குணசேகரன் என்று அவள் வாயில் வந்ததும் என் நாக்கு தானாக "ஹியர்" என்றது. தானாக என்று எழுதிவிட்டேன், அதை அடித்துவிடுங்கள். யோசிக்க எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த மூச்சில் நான் மூன்றாவது கடிதத்தைத்தான் நினைத்தேன்.

எல்லாப் பேருக்கும் குறி விழுந்தது. அவள் வாக்கி டாக்கியில் எங்கள் இடத்தில் ஆள் முழுசு என்று சொன்னாள். மறுபக்கம் யாரோ அதைக் குறித்துக்கொண்டார்கள். அதற்கு அர்த்தம் என்ன என்று உங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அந்த நாற்பது பேரில் யாரையும் கீழே போய்த் தேடத் தேவையில்லை என்று அர்த்தம்.

அப்புறம்தான் அறிவிப்பு வந்தது. கீழ்த்தளத்தில் சலவை அறையில் தீ, புகை பரவுகிறது. சலவை அறை எங்கள் கேபின் வரிசையின் கடைசியில் இருந்தது.

இங்கேதான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். அவன் பேருக்கு நான் சத்தம் கொடுத்தது தப்பு. ஆனால் அது ஒரு வினாடித் தப்பு, பழக்கம் என்று சொல்லி எந்த நீதிமன்றத்திலும் பாதி தப்பிக்கலாம். அறிவிப்புக்குப் பிறகு நான் வாய் மூடி நின்றது பத்து நிமிஷம். நின்ற இடத்துக்கு எதிரே சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது, அதனால் எனக்குத் தெரியும். படிக்கட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வருவான், வந்து பின்வரிசையில் நுழைந்துவிடுவான், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு நிமிஷம் பார்ப்போம். இன்னும் ஒரு நிமிஷம். ஒவ்வொரு நிமிஷம் போகப்போக, இத்தனை நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. முதல் நிமிஷத்தில் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஐந்தாவது நிமிஷத்தில் அதைவிடக் கஷ்டமாகிவிட்டது. சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட்டால் அதன் பாரம் இறங்கும் என்று நினைக்காதீர்கள்.

பத்தாவது நிமிஷத்தில் எங்கள் வரிசைக் கேபினிலிருந்து தானே தப்பிப் படிக்கட்டு வரை வந்துவிட்ட ஒரு சமையல்காரரைத் தாங்கிப்பிடித்து மேலே கொண்டுவந்தார்கள். மூக்கைச் சுற்றிக் கருப்பு. கீழே கை நீட்டினால் கை தெரியவில்லை என்று இருமலுக்கு நடுவில் சொன்னார். அப்போதுதான் நான் அந்தப் பெண்ணிடம் ஓடினேன்.

"குணசேகரன் இங்கே இல்லை" என்றேன்.

அவள் தாளைப் பார்த்தாள். "இருந்தாரே. குறி போட்டிருக்கிறேனே" என்றாள்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் சொன்னது இது: "இருந்தான். திரும்பக் கீழே போய்விட்டான்."

அவள் வாக்கி டாக்கியில் கத்தினாள். தேடுகிறவர்கள் போனார்கள். கேபின் கதவிலிருந்து கொஞ்ச தூரத்தில், படிக்கட்டுப் பக்கம் வராமல் சலவை அறைப் பக்கமாகத் தவழ்ந்துபோய்க் கிடந்தான். உயிர் இருந்தது. அவன் அங்கே கிடந்த நேரத்தில் யாராவது கேபின் வரிசைக்கு முன்னால் இருந்த அந்த நடைபாதைக்குப் போய், இந்தப் பக்கம் வா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ஆள் முழுசு என்று சொன்னதால் யாரும் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து விசாரணை. ஒரு மேசை, மூன்று அதிகாரிகள், முன்னால் நான். மேலே வந்தவன் உத்தரவை மீறிக் கீழே போனதாக என் வாயால் இன்னொரு தடவை சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டார்கள். ஆள் இடத்தை விட்டுப் போனதைக் கவனிக்கவில்லை என்பது அவள் மேல் விழுந்த குற்றம். வெளியே வந்தவள் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினாள்.

"நான் அவர் குரலைக் கேட்டேன், இல்லையா?" என்றாள்.

"கேட்டாய்" என்றேன்.

அந்தப் பயணம் முடிந்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் அவளுக்கு எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கப் பயந்தேன்.

குணாவை அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கப்பல் மறுபடி அங்கே வந்தபோது போய்ப் பார்த்தேன். சூடான புகை தொண்டைக்குள் போய்ப் புண்ணாக்கியிருந்தது. பேசலாம், பாட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் பேசினால் காகிதத்தைக் கசக்குகிற சத்தம்தான் வந்தது. நான் அவன் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தேன்.

"மேல வந்துட்டுக் கீழ போனேன்னு சொல்றானுங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நானே வந்தேனா, இல்ல நீ பேர காப்பாத்துனியாடா?"

நேருக்கு நேராகக் கேட்டுவிட்டான். அவன் ஒருத்தனுக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒன்று நடந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றாது.

"நீயேதான் வந்த" என்றேன்.

அவன் கேட்டான்: "அப்பறம் ஏன் கீழ போனேன்?"

அவன் தன் மனத்துக்குள் தேடினான். தேடி, அவனுக்குப் பிடித்தமாக ஒன்றைக் கண்டுபிடித்தான். "நீ அங்க இல்லாம இருந்திருப்ப. உன்ன தேடித்தான் போயிருப்பேன்" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன். அழுதது நன்றிக்காக என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஜோடி உடைந்தது. நிபந்தனைப்படி நானும் இறங்க வேண்டும். கூட்டாளியைப் பறிகொடுத்தவன் என்று இரக்கப்பட்டு எனக்குத் தனியாக லவுஞ்சில் வாசிக்க வேலை கொடுத்தார்கள். நான் கற்றுக்கொண்ட அந்த நோட்டேஷன் அப்போதுதான் உதவிற்று. அந்த நாற்காலியில்தான் மீதிக் காலம் முழுதும் உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் நான் பெருமையாகக் காட்டிய போட்டோக்கள் எல்லாம் அந்த நாற்காலியில் எடுத்தவை.

குணா மலைக்குத் திரும்பிக் கம்போங் ராஜாவில் ஒரு காய்கறிக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தான். முட்டைக்கோஸை ரகம் பிரித்து லோரியில் ஏற்றுகிறவர்களுக்கு இப்போது அவன்தான் மேஸ்திரி. சத்தம் போட முடியாததால் ஒரு கம்பை வைத்துப் பெட்டியைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் ஏற்று. தாளம் மட்டும் தப்பாது.

ஊரில் இருக்கிற ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் வீட்டுக்குப் போவேன். அவன் மனைவி எனக்கு முதல் இலை போடுவாள். "இந்த அண்ணன் உசுருக்காக அவரு தன் கொரல குடுத்தாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொல்வாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரிப்பான். பாட்டு போனபின் அவனிடம் மிச்சம் இருந்த ஒரே பெருமை அது. சொல்லிவிடலாம் என்று கிளம்பிப் போய், அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு எத்தனையோ தடவை திரும்பி வந்திருக்கிறேன். அவனுக்காகத்தான் மறைக்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். அதில் பாதிதான் உண்மை.

தர்ஷினி அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தாள். அப்பாவின் தொண்டை அவளுக்கு வந்திருக்கிறது, கேட்டிருக்கிறீர்கள். கதையும் சேர்ந்து வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் பதில் சொன்னபோதுதான், நான் இரண்டாவது ஆளையும் அதே நடைபாதைக்கு அனுப்பப்போகிறேன் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை காலை கம்போங் ராஜாவுக்குப் போனேன். குணா கொட்டகையில் ஸ்டூலில் உட்கார்ந்து கோஸின் மேல் இலைகளை உரித்துக்கொண்டிருந்தான்.

"என்னாடா, தீபாவளிக்கு முன்னாடியே வந்துட்ட" என்றான்.

பெட்டி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னேன். பின்வரிசை, ஹியர், கடிகாரம், பத்து நிமிஷம், விசாரணை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. உரித்துக்கொண்டே இருந்தான். கெட்டுப்போன இலை போய், நல்ல இலையும் போய், கோஸ் கைக்குள் அடங்குகிற அளவுக்கு ஆனபிறகுதான் நிறுத்தினான். ஏற்றுகிறவர்கள் தட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆஸ்பத்திரில கேட்டேனேடா" என்றான்.

"கேட்ட."

"அப்ப நான் தூங்கிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஆமா."

"எதுக்கு இப்ப வந்து சொல்ற?"

தர்ஷினி சொன்ன பதிலைச் சொன்னேன். அவன் கையிலிருந்த கோஸைக் கீழே வைத்தான். "கீழ போவேன்னாளா?" என்று கேட்டான். அப்படியே வார்த்தைக்கு வார்த்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன். வாசல் பக்கம் திரும்பி, காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளைப் பார்த்தான். அவை மலைச்சரிவு முழுக்க வெள்ளையாகக் கிடந்தன.

"அவகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றான். "அவ்வளவு பேச எனக்குச் சத்தம் வராது."

முதலில் எனக்கு உறைக்கவில்லை. ஏற்றுகிறவர்களுக்கு இரண்டு தட்டு தட்டிவிட்டு எழுந்தான். "மழ வரப்போகுது, கிளம்புங்க" என்றான். லயத்தில் அம்மணமாக ஓடித் திரிந்த காலத்திலிருந்து அவன் என்னை டா போடாமல் பேசியதில்லை. கார் பிரிஞ்சாங் தாண்டி ரிங்லெட்டுக்கு இறங்குகிறவரை அந்த "ங்க" காதிலேயே இருந்தது. இனி தீபாவளிக்கு அந்த வீட்டுக்குப் போகமுடியாது. போகவும் கூடாது.

கம்பெனிக்கும் எழுதிப் போட்டுவிட்டேன், பேர் கூப்பிட்ட அந்தப் பெண்ணின் மேல் தப்பில்லை என்று. இதுவரை பதில் இல்லை. அந்தக் கப்பலையே உடைத்து விற்றுவிட்டதாகக் கேள்வி. அவள் எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை.

தர்ஷினி, உன் அப்பா கேட்டுக்கொண்டதால் இதை நான் உனக்குச் சொல்கிறேன். அவர் யாரையும் தேடிக் கீழே போகவில்லை. தூக்கத்திலிருந்து எழுந்து, இருட்டில், தன்னைத் தேடி ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று தெரியாமல் தவழ்ந்திருக்கிறார். அவர் குரல் போனது என்னால். என்னிடம் இனி நீ வரவேண்டாம் என்று நினைத்தால் வராதே. வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்கு மட்டும் போ. அந்தக் கேள்வியைக் கேட்டால், நின்ற இடத்திலேயே நிற்பேன், ஆள் இல்லை என்று உடனே எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொல்வேன் என்று சொல். கப்பலில் கூட்டாளிக்குச் செய்யக்கூடிய உதவி அவ்வளவுதான், அதுவே பெரிது.

மற்ற மூன்று பேருக்கும் இதேதான். உங்கள் பேரைக் கூப்பிட்டால் வாயைத் திறங்கள். பக்கத்தில் இருக்க வேண்டியவன் பேரைக் கூப்பிட்டு அவன் அங்கே இல்லையென்றால், அவன் இல்லை என்று சொல்ல அப்போதும் திறங்கள். அவன் வேலை போகும், உங்கள் வேலையும் போகலாம், திறங்கள். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் குணசேகரன் என்று கூப்பிட்டார்கள். அவன் அங்கே இல்லை.